வேர்க்காத விரல்

இன்ஸ்பெக்டர் தவசிமுத்து என் மேஜைமேல் ஒரு புகைப்படத்தை வைத்தார். கறுப்புப் பொடி தூவி எடுத்த வலது கட்டைவிரல் ரேகை. பாதிதான் இருந்தது, மீதி இழுபட்டுப் போயிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால் ஒருவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அது என் விரலின் ரேகை.

ஆனால் அதை வைத்தது நான் இல்லை. அது இருந்த ஊருக்கு நான் போனதுகூட இல்லை.

"இதை எங்க மெஷின்ல போட்டோம் டாக்டர்," என்றார். "வெள்ளத்தாய்னு பேர் வந்துச்சு. போய்க் கூட்டிட்டு வந்தோம். மறுநாள் காலையில ஸ்டேஷன் வாசல்ல ஆறு பொம்பளைங்க வந்து நிக்கிறாங்க. அந்த ரேகை எங்களோடதும்தான், எங்களையும் பிடிச்சு உள்ள போடுங்கன்னு ஒரே பிடிவாதம். ஒவ்வொருத்தர் விரலையும் வச்சுப் பார்த்தா, எல்லாருக்கும் வெள்ளத்தாய்னே வருது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

நான் டாக்டர் ஹெப்சிபா. மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருடமாகத் தோல் வளர்க்கிறேன். தீயில் வெந்த கைக்கு, அந்த நோயாளியின் உடம்பிலிருந்தே கொஞ்சம் செல்லை எடுத்துப் பெருக்கி, அச்சில் படியவைத்து, கையுறை மாதிரி முழுத் தோலாக வளர்த்து மாட்டுகிறோம். விரல் நுனியில் ரேகை இல்லாவிட்டால் தம்ளர்கூட வழுக்கும். ரேகை வேண்டுமென்றால் அச்சு வேண்டும். அச்சுக்கு ஒரு மனிதக் கை வேண்டும். கூடத்தில் வேலை செய்கிறவர்கள் கை கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கை கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்த ஆள் அன்றைக்கு வரவில்லை, கலவை இறுகிக்கொண்டிருந்தது, நான் என் கையை விட்டுவிட்டேன். பதிவேட்டில் 'தன்னார்வலர் நான்கு' என்று எழுதினேன். ஒரே ஒரு நோயாளிக்கான சோதனைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. கை வெந்து ஏழு பெண்கள் வந்தார்கள். புது அச்சு எடுக்க ஆறு வாரம் ஆகும். அந்தக் கைகள் ஆறு நாள்கூடத் தாங்காது. இருந்த ஒரே அச்சில் ஏழு பேருக்கும் முறுக்குப் பிழிந்த மாதிரி பிழிந்துவிட்டேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன். பிறகு ரேஷன் கடையில் ஒருத்தி அரிசி வாங்கினால் மற்ற ஆறு பேரும் வாங்கிவிட்டதாக இயந்திரம் சொன்னது. கடைக்காரர் கண்ணைப் படம் பிடிக்கும் கருவிக்கு மாறினார், விஷயம் அத்தோடு அமுங்கிப்போனது. அதே ரேகைகள் ஏறியிருந்த போலீஸ் கணினிக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

"இது என்ன கேஸ்?" என்று கேட்டேன்.

"அந்தப் பட்டாசு ஆலை ஆபீஸ் பீரோவிலிருந்து ஒரு நோட்டு திருடு போயிருக்கு, இந்த ரேகை பீரோக் கதவுல இருந்துச்சு. தீப்பிடிச்ச அன்னிக்கு எந்த ரூம்ல யார் யார் உட்கார்ந்தாங்கன்னு எழுதின வருகை நோட்டு. நாலு பேர் உட்கார வேண்டிய ரூம்ல பத்தொன்பது பேர் இருந்திருக்காங்க. அந்த நோட்டை விசாரணைக் கமிஷன் வாசல்ல யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க. அதுவரைக்கும் ஓனர் என்ன சொல்லிட்டிருந்தார்னா, இந்த ஏழு பேரும் அன்னிக்கு வேலைக்கே வரலை, சும்மா பார்க்க வந்தாங்கன்னு."

"அப்படின்னா நோட்டு நல்லதைத்தானே செஞ்சிருக்கு?"

"அது எனக்கும் தெரியும் டாக்டர். ஆனா அதை எடுத்தது இந்த ஏழு பேர்ல ஒருத்தின்னு ஆச்சுன்னா, பேரை அவங்களே எழுதிச் சேர்த்துட்டாங்கன்னு ஓனர் வக்கீல் சொல்வார். நோட்டு செல்லாது. கேஸும் போச்சு. வெள்ளத்தாய்க்கு ஜெயிலும் உண்டு. ஆடிக் கடைசி வெள்ளி அன்னிக்குத்தான் நோட்டு போயிருக்கு. மத்த ஆறு பேரும் இருக்கன்குடி கோயில்ல இருந்தாங்க, சாட்சி இருக்கு. இந்தப் பொம்பள மட்டும் வீட்ல இருந்திருக்கு."

வெள்ளத்தாய் எங்கே என்று கேட்டேன். வெளியே வராந்தாவில் பெண் காவலரோடு உட்காரவைத்திருப்பதாகச் சொன்னார். நான் எழுந்து ஓடினேன்.

லாக்கப்பில் மூன்று நாள். பார்த்தவுடனே எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் வளர்க்கிற தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது, வியர்வைச் சுரப்பியும் கிடையாது. தினமும் மூன்று வேளை தேங்காயெண்ணெய் தடவாவிட்டால் புறங்கை வெடிக்கும். வெடித்த இடத்தில் சீழ் வைத்தால் கையை எடுக்க வேண்டியதுதான். அவள் புறங்கை கோடை ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"எண்ணெ எங்கே?"

"பாட்டில உள்ள விடமாட்டோம்னு சொல்லிட்டாக டாக்டரம்மா," என்றாள் வெள்ளத்தாய். முப்பத்தைந்து வயதிருக்கும், சண்டைக்காரி, வார்டில் நர்ஸுகளை விரட்டியவள். இப்போது குரலே எழும்பவில்லை. "கழுத்தறுத்துக்குவேனாம்."

பெண் காவலர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எண்ணெயை எடுத்துவந்து இரண்டு கையையும் முழுக்காட்டினேன். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் இந்தக் கை நிலைக்காது என்று இன்ஸ்பெக்டரிடம் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்," என்றார் அவர். "நாளைக்குக் கோர்ட்ல நிறுத்தணும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த ஏழு பேர் விரலையும் பிரிச்சுச் சொல்ல வழி இருக்கா, இல்லையா?"

அறைக்குத் திரும்பி, அந்தப் புகைப்படத்தை மறுபடி எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை தோல்காரியாகப் பார்த்தேன். ரேகையின் கறுப்புக் கோடுகளின்மேலேயே ஊசியால் குத்திய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நான்கைந்து தெளிவாக இருந்தன.

அவள் இல்லை. ஏழு பேரில் யாருமே இல்லை.

"உட்காருங்க சார்," என்றேன். "தோல்னா என்னன்னு தெரியுமா?"

"பத்தாங்கிளாஸ்ல படிச்சது. வெளித்தோல், உள்தோல்."

உள்ளங்கைத் தோலைக் குறுக்கே சீவிச் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னேன். திரையில் காட்டும் கேமரா பழுதுபார்க்கப் போயிருந்தது, ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பெரிய உடம்பை வளைத்துக் கண்ணை வைத்தார்.

"மேலே பாய் அடுக்கின மாதிரி தெரியுதா? அத்தனையும் செத்த செல். நாம தொடுறது, கைகுலுக்கறது எல்லாம் அந்தச் செத்த தோலைத்தான். அதுக்குக் கீழே ஒரு மெல்லிசு கோடு, கண்ணாடி மாதிரி. உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் மட்டும்தான் அது இருக்கும். அப்புறம் இன்னும் ரெண்டு அடுக்கு. அடியில நீலமா ஒரே வரிசை, அதுதான் உயிர்நாடி. அங்கே பிறக்கிற செல் ஒரு மாசம் மேலே ஏறி வந்து, செத்து, உதிரும். வெளித்தோல் மட்டுமே அஞ்சு அடுக்கு."

"ரேகை எங்கே இருக்கு?"

"அஞ்சுக்கும் கீழே, உள்தோல்ல. மேடும் பள்ளமுமா இருக்குல்ல? அந்த மேடுதான் மேலே ரேகையா எழும்புது. மேல்தோல் பொசுங்கினாலும் அது இருக்கிற வரைக்கும் பழைய ரேகையே திரும்பி வரும். இவங்களுக்கு அதுவும் வெந்துபோச்சு. நான் போட்ட அச்சுதான் இப்ப அங்கே மேடு."

"சரி. அதனாலதான் ஏழு பேருக்கும் ஒண்ணு."

"இன்னும் கீழே பாருங்க. நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கா? அது வேர்வைச் சுரப்பி. அங்கேயிருந்து ஒரு குழாய் திருகித் திருகி மேலே வந்து, சரியா ரேகையோட முதுகுல வாய் திறக்கும். நம்ம விரல் எதையாவது தொட்டா ஒட்டுறது அந்த வேர்வைதான். வாய் இருக்கிற இடம் புள்ளியா விழும்." புகைப்படத்தைத் தள்ளினேன். "இதுல புள்ளி இருக்கு. இவங்க தோல்ல சுரப்பியே கிடையாது. அது தாய் வயித்துல இருக்கும்போதே உண்டாகிறது. பிறந்த பிறகு புதுசா ஒண்ணுகூட முளைக்காது. வளர்த்த தோல்ல உலகத்துல யாருமே அதைக் கொண்டுவந்ததில்ல. பதினோரு வருஷமா நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன்."

"வேர்க்காத விரல் அப்புறம் எப்படி ரேகை வைக்கும்?"

"தடவுற எண்ணெயால. அது வைக்கிற கோடு மொழுமொழுன்னு இருக்கும். புள்ளி இருக்காது."

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து என்னை உற்றுப் பார்த்தார். இந்த ஆள் முட்டாள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுக்கடுக்காக நான் உரித்துக் கொடுத்த தோலுக்கு அடியில் அவர் எதைத் தேடுவார் என்று யோசிக்காமல் பேசிவிட்டேன்.

"அப்படின்னா," என்று மெதுவாக இழுத்தார், "இந்த ரேகையும் வேணும், வேர்க்கவும் வேணும். அச்சுக்குக் கை கொடுத்த ஆள்தான். சரியா?"

ஆடிக் கடைசி வெள்ளி அன்று நான் காய்ச்சலில் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் தனியாகக் கிடந்தேன். சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் எங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புள்ளிகள் பொய் சொல்லாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கோ கணக்கு இடிக்கிறது, அது எங்கே என்று அப்போது யோசிக்க முடியாத அளவுக்குப் பயந்திருந்தேன்.

"அதைப் பிறகு பேசலாம்," என்றார் அவரே. "முதல்ல இந்தம்மாவுக்கு வேர்க்கலைன்னு எனக்குக் கண்ணால காட்டுங்க. நீங்க சொன்னீங்கன்னு மட்டும் நான் எழுத முடியாது. ஓனர் வக்கீல் என்னை உரிச்சிடுவார்."

அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது, எளிதானது. விரலில் அயோடின் தடவிக் காயவைத்து, மேலே சோளமாவைத் தூவ வேண்டும். வேர்வை கசிகிற இடமெல்லாம் கருநீலப் புள்ளியாக மாறும். வேர்க்காத தோல் மஞ்சளாகவே கிடக்கும்.

வெள்ளத்தாயை உள்ளே கூட்டிவந்தார்கள். அவள் கட்டைவிரலில் இருந்த எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்தேன். என் இடது கட்டைவிரலுக்கும் சேர்த்து அயோடின் தடவி, மாவு தூவி, இரண்டையும் விளக்குச் சூட்டில் காட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் என் விரல் முழுக்க நீலம் பூத்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அவள் விரல் வெறும் கண்ணுக்கு மஞ்சளாகத்தான் இருந்தது.

"வலிக்குமா டாக்டரம்மா?" என்றாள் வெள்ளத்தாய்.

"வலிக்காது. கொஞ்ச நேரம் ஆடாம இரு."

"லென்ஸ்ல பார்த்துச் சொல்லிடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அதையும் எழுதிக்கிறேன்."

அவள் விரலை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, பக்கவாட்டில் விளக்கைத் திருப்பி, கண்ணை வைத்தேன்.

முதலில் மஞ்சள் மேடுகள் மட்டும் தெரிந்தன. என் ரேகை, எனக்குப் பழகிய வளைவு. குவியத்தைக் கொஞ்சம் திருகினேன். வளைவின் மூன்றாவது கோட்டில், சரியாக முதுகின்மேல், கடுகில் நூறில் ஒரு பங்கு இருக்கும், ஒரு நீலப் புள்ளி. தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. பிறகு அதற்கு அடுத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தெருவில் வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டே போவது மாதிரி, அந்தக் கோடு முழுக்கப் புள்ளிகள் எழும்பின.

அவள் விரல் வேர்த்தது.

பதினோரு வருடம். முடியவே முடியாது என்று மூன்று மாநாடுகளில் என்னை உட்காரவைத்துச் சொன்னார்கள். உடம்பு முழுக்க வெந்து, ஒட்டுத் தோலோடு பிழைத்து, சித்திரை வெயிலில் வேர்க்கவும் முடியாமல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கிடக்கிற எத்தனையோ பேரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்கள் எல்லோருக்குமான செய்தி, ஒரு பட்டாசுக்காரியின் கட்டைவிரலில் நீலமாக எழும்பிக்கொண்டிருந்தது. எனக்குக் கூரையில் ஏறிக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அவள் ஜெயிலுக்குப் போவாள். நோட்டை எடுத்தது அவள்தான் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"என்ன தெரியுது டாக்டர்?"

கண்ணை எடுக்காமல் இருந்தேன். இன்னும் நான்கு விநாடி அதைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றேன். "வறண்டு கிடக்கு."

"நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார். என் கை எனக்கு முன்னால் முடிவெடுத்தது. ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அவள் விரலை ஒரே இழுப்பில் துடைத்தேன்.

"இருங்க சார், அயோடின் ரொம்ப நேரம் இருந்தா புதுத் தோலை அரிச்சிடும். இப்ப பாருங்க."

அவர் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். வெள்ளத்தாய் என்னைப் பார்த்தாள். நிமிர்ந்த இன்ஸ்பெக்டரின் கண் நேராக என் கையிலிருந்த பஞ்சுக்குப் போனது.

"பஞ்சு நீலமா இருக்கே?"

"மாவும் அயோடினும் ஈரத்துல சேர்ந்தா நீலம்தான் சார். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கேட்டுப் பாருங்க."

அது உண்மைதான். அன்றைக்கு நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று, மூன்று வார்த்தை. மற்றதெல்லாம் உண்மை, அதனால்தான் என்னால் அவர் கண்ணைப் பார்த்துப் பேச முடிந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தன்னார்வலர் நான்குன்னு உங்க ரிஜிஸ்டர்ல இருக்கு. நேத்தே வாங்கிப் பார்த்தேன். பேர் இல்ல, அட்ரஸ் இல்ல. அது யாரு டாக்டர்?"

"நான்தான்."

பெண் காவலர் வாயைத் திறந்தபடி நின்றார். இன்ஸ்பெக்டர் ஆச்சரியப்படவில்லை.

"விதிப்படி நான் கொடுக்கக் கூடாது," என்றேன். "கொடுத்துட்டேன். வேலை போகும், தெரியும். எழுதிக்குங்க."

"அன்னிக்கு ஆலை ஆபீஸுக்குப் போனீங்களா?"

"அதை வக்கீலை வச்சுக்கிட்டுச் சொல்றேன்."

"போகலைன்னு சொல்லலாமே?"

"சொல்லலாம். இப்ப சொல்லலை."

அவர் பேனாவை மூடி, மறுபடி திறந்தார். என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இழுபட்ட பாதி ரேகையில் இருக்கிற நான்கைந்து புள்ளிகளை வைத்து இன்னார் விரல்தான் என்று எந்தக் கொம்பனாலும் அடித்துச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். வாக்குமூலத்தை எழுதி என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். மைப் பெட்டியைத் திறந்துவைத்தார். கட்டைவிரலை அழுத்திப் பதித்தேன்.

"ரொம்ப வேர்க்குது உங்களுக்கு," என்றார் அதைப் பார்த்து.

"பயம் சார்."

"இந்தம்மாவை விட்டுடறோம். நீங்க ஊரை விட்டுப் போகாதீங்க, கூப்பிடுவேன்." போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பெண் காவலரும் பின்னாலேயே போனார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். நான் எண்ணெயை எடுத்து மறுபடி அவள் கையில் தடவ ஆரம்பித்தேன். ஒரு பக்கம் அவள் தப்பித்துவிட்டாள் என்ற சந்தோஷம். இன்னொரு பக்கம், பெற்ற குழந்தையைத் தூக்கிக் கிணற்றில் போட்டவள் மாதிரி இருந்தது. வழக்கு முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இங்கே ஒரு வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவரை வெந்தவர்கள் வெயிலில் வெந்துகொண்டுதான் இருப்பார்கள்.

வெள்ளத்தாய் கதவைப் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கினாள்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஒரு மாசமா உள்ளங்கை நசநசன்னு ஈரமாவே இருக்கு. முந்தி இப்படி இல்ல. அந்த பீரோவத் தொறக்கும்போதுகூட..." நிறுத்திக்கொண்டாள். "அது நல்லதா, கெட்டதாம்மா?"

அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் நிறைந்து அவள் முகமே தெரியவில்லை.

"நல்லது," என்றேன். "ரொம்ப ரொம்ப நல்லது. ஆனா யார்கிட்டயும் சொல்லாத. மத்த ஆறு பேருக்கும் இருந்தா, அவங்களையும் வாயை மூடிக்கச் சொல்லு. வெளியே போகும்போது கையில பவுடர் போட்டுக்க."

அவள் தலையாட்டிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள்.

நீலப் பஞ்சு இன்னும் என் இடது கைக்குள் இருந்தது. விரித்துப் பார்த்தேன். அதில் எது அவள் வேர்வை, எது வெறும் ஸ்பிரிட் ஈரம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எரிக்கப்போகிற கழிவுக்கான மஞ்சள் பையில் அதைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினேன்.